கொலைக்கு ஒரு மெட்டு

வணக்கம் ஐயா,

போன மாதம் அப்பாவோடு ஏற்காடு அடிவாரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது அலமாரியைப் பார்த்தேன். மாத நாவல்களும் பழைய துப்பறியும் கதைகளும் இருந்த தட்டிலேயே சினிமா வரலாறு, நாடகக்காரர்களின் சுயசரிதை, மேல்நாட்டு இசைநாடகம், நவீன இசை என்று தடித்தடியான புத்தகங்கள். பிரித்துக்கூட வைக்கவில்லை. நீங்கள் எழுதுவது சஸ்பென்ஸ் நாவல். அந்தப் புத்தகங்கள் நிஜமாகவே உதவுகின்றனவா, அல்லது வருகிறவர்கள் பார்ப்பதற்கா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, படிக்கக் கொடுத்த நாவலில் கடைசிப் பக்கங்கள் இல்லை. கொலைகாரன் யார்?

ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

கோபமெல்லாம் இல்லை. என் மனைவி இதையே உங்களைவிடக் காரமாகக் கேட்டிருக்கிறாள். வருகிறவர்கள் பார்ப்பதற்கென்றால் தூசியாவது தட்டி வைத்திருப்பேனே!

பிரித்து வைக்காததற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதியைச் சொல்ல என் முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் ஒவ்வொரு அத்தியாயமும் 'திடீரென்று' ஏதோ நடந்து முடியும். யாராவது 'வீல்' என்று அலறுவார்கள். ஈரோடு பஸ்ஸில் அதைப் படித்து முடித்த நண்பர் ஒருவர் இறங்கியதும் சொன்னார்: "கொலை நடக்கிறப்பல்லாம் நீயே உள்ள வந்து உறுமி அடிக்கிறியேப்பா, நான் எப்படிப் பயப்படறது?" இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் யோசித்தால், அவர் சொன்னது சரி.

என் வீட்டுக்கு வரும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரத்தின் அந்த நிறுவனம் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில் ஒரு பாட்டு வரும். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, ஜி.ராமநாதன் இசை. 'வாராய் நீ வாராய்' என்று கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். இன்றும் அதைக் காதல் பாட்டு என்று நினைத்து முணுமுணுக்கிறவர்கள் உண்டு. அவன் அவளைத் தள்ளிவிடத்தான் கூட்டிப்போகிறான். 'போகுமிடம் வெகு தூரமில்லை' என்ற வரி அவள் காதில் ஒன்றாக விழுகிறது, கதை தெரிந்த நம் காதில் வேறாக விழுகிறது. மெட்டு கொஞ்சம்கூடப் பயமுறுத்துவதில்லை. நிலா வெளிச்சத்தில் உலாவப் போகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இனிமையாகப் போகிறது. அந்த இனிமைதான் வயிற்றைப் பிசைகிறது. அதற்குமேல் நடப்பது குண்டலகேசிக் கதை. சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று கேட்டு அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுதான். உறுமி விஷயத்துக்குப் பிறகுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டேன்.

இதே வித்தையை அமெரிக்க இசைநாடகத்திலும் பார்த்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான். ஸ்டீபன் சோன்ட்ஹைமின் 'ஸ்வீனி டாட்' 1979இல் நியூயார்க்கில் மேடையேறியது. லண்டன் நாவிதன் ஒருவன் முகச்சவரத்துக்கு வருகிறவர்களின் கழுத்தை அறுக்கிறான். அதைச் செய்யும்போது அவன் பாடுவது தன் மகளை நினைத்து ஓர் அமைதியான, ஏக்கமான மெட்டு. கை ஒரு வேலை செய்கிறது, குரல் வேறெங்கோ இருக்கிறது. சோன்ட்ஹைம் 'மந்திரி குமாரி'யைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை, பார்க்கவும் தேவையில்லை.

சோன்ட்ஹைம் சுத்தமான சஸ்பென்ஸ் பைத்தியம். பத்திரிகைக்குக் கடினமான குறுக்கெழுத்துப் புதிர்கள் போட்டவர். 1973இல் ஒரு கொலை மர்மப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். கூட எழுதியவர் ஆந்தனி பெர்கின்ஸ், ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ' படத்தில் விடுதிக்காரனாக நடித்தாரே அவர்தான். பாட்டு எழுதுகிறவரும் துப்பு மறைக்கிறவரும் அங்கே ஒரே ஆள். அப்புறம் நான் மட்டும் எதற்குத் தட்டுகளைப் பிரிக்க வேண்டும்?

நம் ஊரிலும் அவை பிரிந்திருந்ததில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வும் ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாளும்' மர்ம நாவல்கள். இரண்டும் பாட்டுகளோடு மேடை ஏறின, 1935இல் இரண்டும் படமாகவும் வந்தன. நாடகக்காரர்களின் சுயசரிதைகளை நான் தேடி வாங்குவது இதற்காகத்தான். மர்மம் முற்றும் இடத்தில் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால், கதையை நிறுத்திப் பாட்டை மறுபடி பாட வேண்டும். அதற்குப் பிறகும் இறுக்கம் குலையாமல் கதையைத் தூக்கிக்கொண்டு போன அந்தக் கம்பெனி நடிகர்களுக்கு முன்னால் நானெல்லாம் எம்மாத்திரம்?

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1954இல் வந்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத கொலை மர்மப் படம். பாட்டில்லாத படமா என்று அன்றைக்குப் பலருக்கு ஏமாற்றம். இயக்கியவர் யார்? வீணை எஸ்.பாலசந்தர். இசையே மூச்சாக இருந்த மனிதர்தான் பாட்டு வேண்டாம் என்றார். எங்கே வாசிக்கக் கூடாது என்பது வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்போல. பத்து வருஷம் கழித்து 'பொம்மை'யில் அவரே பாட்டையும் வைத்தார், பொம்மைக்குள் வெடிகுண்டையும் வைத்தார். (முதல் படத்தில் கொலைகாரர் யார் என்று சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள்.)

நவீன இசைப் புத்தகங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டேஷன் வரும் பக்கங்களைத் தாண்டிவிடுவேன், எனக்கு அது புரியாது. ஆனால் ஒரு விஷயம் விடாமல் இழுக்கிறது. எந்த அபஸ்வரத்தைக் கச்சேரி மண்டபத்தில் கேட்டால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்களோ, அதையே பேய்ப் படத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிப் போட்டுக் காட்டினார், அவர் மனம் மாறினார். அதைக் காப்பியடித்தவர்கள் கூச்சலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். என் முதல் நாவலும் அந்தக் கூட்டத்தில்தான்.

இப்போதெல்லாம் கொலைக்கு முந்தைய பக்கத்தில் யாரையாவது முருங்கைக்காய் நறுக்க வைக்கிறேன், அல்லது பிள்ளைக்குத் தலை வார வைக்கிறேன். வேகத்தைக் குறைக்கிறேன். 'திடீரென்று' எழுத வந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு காபி.

சரி, அந்த நாவல். 22 வருஷத்துக்கு முன்னால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. அப்போதே கடைசி எட்டுப் பக்கம் இல்லை. கொலைகாரன் யாரென்று எனக்கும் தெரியாது. சமையல்காரர் மேல் எனக்குச் சந்தேகம். என் மனைவி டாக்டர்தான் என்கிறாள். அடுத்த தடவை வரும்போது உங்கள் அப்பா யாரைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.