குறுக்குவெட்டை எந்தத் திசையில் வைப்பது?

கேள்வி: சுரங்க மென்பொருளில் பிளாக் மாடலை (நிலத்தடிப் பாறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் முப்பரிமாண மாதிரி) குறுக்குவெட்டாகப் பார்க்கும்போது, ஒரே தாதுப் பாளம் ஒரு வெட்டில் மெலிந்தும் மற்றொன்றில் பருத்தும் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: பாளம் நீண்டு செல்லும் திசைக்குச் செங்குத்தாக அமைந்த வெட்டையே நம்புங்கள். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தாது நாளங்கள் ஏறத்தாழ வடக்கு தெற்காக நீண்டு, மேற்கு நோக்கிச் செங்குத்துக்கு நெருக்கமான சாய்வில் இறங்குவதால், அங்கே கிழக்கு மேற்காக அமையும் வெட்டே பொருத்தமானது. வெட்டு, நீட்சித் திசையிலிருந்து 30 பாகை மட்டுமே விலகியிருந்தால், பாளத்தின் கிடை அகலம் இருமடங்காகத் தெரியும். 60 பாகைச் சாய்வுகூட ஏறத்தாழ 41 பாகையாகக் குறைந்து தோன்றும். தாது கூடிவிட்டதாக எண்ணி மகிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

மென்பொருள் கேட்கும் திசைக்கோணம் வெட்டுத்தளம் ஓடும் திசையைக் குறிக்கிறதா, நாம் பார்க்கும் திசையைக் குறிக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்; இரண்டுக்கும் இடையே 90 பாகை வேறுபாடு இருப்பதால், பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து. நிமிர்ந்த வெட்டுக்குச் சாய்வு 90 பாகை. தாதுவைத் தேடிப் போட்ட ஆய்வுத் துளைகளின் வரிசைகள் 50 மீட்டர் இடைவெளியில் இருந்தால், வெட்டின் இருபுறமும் 25 மீட்டருக்குள் உள்ள துளைகளை மட்டும் காட்டச் செய்யுங்கள்.