பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் லவாய்சியர்தானே?

பதில்: முதலில் பிரித்தெடுத்தவர்கள் ஸ்வீடனின் ஷீலேயும் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லியும். 1774 அக்டோபரில் பாரிஸ் வந்த பிரீஸ்ட்லி, விருந்து மேசையிலேயே தன் சோதனையை லவாய்சியரிடம் சொன்னார். ஆனால் எரியும் பொருளிலிருந்து 'பிளாஜிஸ்டன்' என்ற ஒரு பொருள் வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையை பிரீஸ்ட்லி கடைசிவரை விடவில்லை. வெளியேறுகிறது என்றால், சுட்ட உலோகத்தின் எடை ஏன் கூடுகிறது? இந்தக் கேள்வியைத் தராசோடு துரத்தியவர் லவாய்சியர். அடைத்த காற்றோடு பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் சூடாக்கினார். மேலே சிவப்புத் தூள் படிந்தது. 50 கன அங்குலக் காற்று 42, 43 ஆகக் குறைந்தது. மிஞ்சிய காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. அந்தத் தூளை இன்னும் கடுமையாகச் சூடாக்கியதும், குறைந்துபோன காற்று ஏறக்குறைய அதே அளவில் திரும்ப வந்தது. எரிதல் என்றால் காற்றின் ஒரு பகுதியான ஆக்சிஜனோடு சேருவது என்று அதிலிருந்து நிறுவினார்.

கேள்வி: அப்படியானால் அடுத்தவர் உழைப்பைத் திருடியவர்தானே?

பதில்: 1775இல் அவர் வாசித்தளித்த கட்டுரையில் பிரீஸ்ட்லியின் பெயரைச் சொல்லாமல் விட்டது தவறு, அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் அந்த வாயு எரிதலில் என்ன செய்கிறது என்ற விளக்கம் அவருடைய சொந்த உழைப்பு.

கேள்வி: இதை ஏற்க மாட்டேன். முதலில் கையில் பிடித்தவருக்குத்தான் பெருமை.

பதில்: அப்படிப் பார்த்தால் ஷீலேதான் முதல் ஆள், பிரீஸ்ட்லிகூட இல்லை. ஷீலேயின் நூல் 1777இல்தான் அச்சாகி வந்தது, அதனால் பெயர் பிந்தியது. வாயுவைப் பிடித்ததற்கு அவர்கள் இருவர், அது என்ன என்று புரியவைத்ததற்கு லவாய்சியர். மூவருக்கும் இடம் இருக்கிறது.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியில் லவாய்சியருக்கு மரண தண்டனை விதித்தபோது 'குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை' என்று நீதிபதி சொன்னாராமே?

பதில்: அதற்கு ஆதாரம் இல்லை. தயவுசெய்து பகிராதீர்கள்.

கேள்வி: தலை துண்டான பிறகும் கண் சிமிட்டினாராமே?

பதில்: இதுவும் கட்டுக்கதை.

கேள்வி: கண் சிமிட்டியதை உதவியாளர் எண்ணினார் என்று படித்தேனே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இனி இந்தக் கேள்விக்குப் பதில் தர மாட்டேன்.

கேள்வி: பிறகு எதற்காகக் கொன்றார்கள்?

பதில்: அரசனுக்காக வரி வசூலித்த குத்தகை நிறுவனத்தில் அவர் பங்குதாரர். மக்கள் அதை வெறுத்தார்கள். 1794 மே 8 அன்று மாமனார் உட்படப் பல பங்குதாரர்களோடு சேர்த்துக் கொன்றார்கள். அவருக்கு வயது 50. அந்த வருமானத்தில்தான் விலையுயர்ந்த கருவிகளை வாங்கிச் சோதனை செய்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: மனைவி உதவியாளர் மட்டும்தானா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. மரி ஆனுக்குத் திருமணத்தின்போது வயது 13. அப்புறம் வேதியியல் படித்தார், ஓவியர் தாவீதிடம் வரையக் கற்றார். 1789இல் வந்த லவாய்சியரின் பாடநூலிலுள்ள கருவிப் படங்கள் அவர் வரைந்தவை. பிளாஜிஸ்டனை ஆதரித்து அயர்லாந்து வேதியியலாளர் கிர்வான் எழுதிய நூலை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். கணவரும் நண்பர்களும் அதற்கு எழுதிய மறுப்புகளோடு அது வெளிவந்தது. ஆய்வகக் குறிப்பேடுகளில் அவர் கையெழுத்து இருக்கிறது. கணவர் இறந்த பிறகு எஞ்சிய கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டவரும் அவரே. வெறும் உதவியாளர் என்று எழுதுபவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்கட்டும்.

கேள்வி: லவாய்சியர் எதிலுமே தவறவில்லையா?

பதில்: எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று பிறகு ஆங்கிலேய வேதியியலாளர் டேவி காட்டினார். வெப்பத்தையும் ஒளியையும் தனிமங்களின் பட்டியலில் சேர்த்ததும் தவறு.

கேள்வி: நாளைக்குத் தேர்வு. பொருண்மை அழியா விதிக்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதித் தருவீர்களா?

பதில்: பாடப்புத்தகத்தைப் பாருங்கள்.