லீஸ், சீட்டு, கார்டு: பெங்களூரு குடும்பங்களின் பணக் கேள்விகள்

வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், அல்சூர்வாசி. வீட்டுச் செலவு, சேமிப்பு, கடன் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை நீளமாகச் சொல்கிறேன், தெரியாததற்கு வழி மட்டும் காட்டுகிறேன். பங்குச் சந்தை டிப்ஸ் கேட்க வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம்.

எலக்ட்ரானிக் சிட்டி, மென்பொருள் வேலை: அண்ணா, கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாக்கி. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் தொகை குறையவே மாட்டேன் என்கிறது. கையில் 80,000 எஃப்.டி. இருக்கிறது, அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்திருக்கிறேன்.

குறையாது தம்பி, கணக்கைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு 3,500 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அது 630. நீங்கள் கட்டும் 5,000-இல் அசலுக்குப் போவது 870 ரூபாய்தான். கார்டுக்குக் கார்டு விதி கொஞ்சம் மாறும், கதை மாறாது. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத நாட்கள் என்பதெல்லாம் முழுத் தொகையும் கட்டுகிறவர்களுக்கு.

ஏழு சதவீதம் கிடைக்கும் என்று எஃப்.டி.யைப் பூட்டி வைத்துவிட்டு வருடத்துக்கு 42 சதவீத வட்டி கட்டுகிறீர்கள். இதுதான் அவசரம். இன்றே உடைத்துக் கார்டில் கட்டுங்கள். மிச்சம் 20,000-ஐ இரண்டு மூன்று சம்பளத்தில் அடைத்துவிடலாம். அதுவரை கார்டு அலமாரியில் இருக்கட்டும், செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள்.

ஈஜிபுரா, வீட்டு வேலை செய்பவர்: எங்கள் தெருவில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000. சேரலாமா சார்?

சீட்டு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. வங்கி உள்ளே விடாத காலத்திலிருந்து எத்தனையோ வீடுகளின் கல்யாணமும் காலேஜ் ஃபீஸும் சீட்டில்தான் நடந்திருக்கின்றன. ஒரு லட்ச ரூபாய் சீட்டை முதல் மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 75,000. தள்ளிய 25,000-இல் 5,000 நடத்துபவருக்குக் கமிஷன். மீதி 20,000-ஐ 20 பேரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 1,000. அந்த மாதம் நீங்கள் 4,000 கட்டினால் போதும். கடைசி வரை எடுக்காமல் காத்திருப்பவருக்கு இது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு இது கடன்.

சிக்கல் எங்கே என்றால், காகிதம் இல்லை. சீட்டு நிதிச் சட்டம் 1982-இல் வந்தது. அதன்படி சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும். தனி ஆள் நடத்துகிற எல்லாச் சீட்டும் சேர்த்து 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த அக்கா இதேபோல இன்னும் எத்தனை சீட்டு நடத்துகிறார் என்று விசாரியுங்கள். ஒன்றில் விழுந்த ஓட்டையை இன்னொன்றின் பணத்தால் அடைக்க ஆரம்பித்தால் கடைசியில் எல்லாம் சேர்ந்து விழும். பதிவு பெற்ற நிறுவனச் சீட்டு என்றால் சேருங்கள். அக்காவிடம்தான் சேருவேன் என்றால், போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற அளவுத் தொகையோடு நிறுத்துங்கள்.

ஒயிட்ஃபீல்டு: எந்த மியூச்சுவல் ஃபண்டு பெஸ்ட்?

என் துறை இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற, கட்டணம் வாங்கி ஆலோசனை தருகிற ஒருவரைப் பாருங்கள்.

மாரத்தஹள்ளி: பிட்காயின்?

லாபத்தில் 30 சதவீதம் வரி. விற்கும்போதே 1 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வரிப் பிடித்தம். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

பானஸ்வாடி, தனியார் நிறுவன ஊழியர்: சார், இரண்டு பெட்ரூம் வீடு. வாடகை என்றால் மாதம் 22,000. லீஸ் என்றால் 20 லட்சம், மூன்று வருடம், வாடகை கிடையாது, முடிந்ததும் முழுப் பணமும் திரும்ப வரும். என்னிடம் 12 லட்சம் இருக்கிறது. மீதி 8 லட்சத்துக்குப் பர்சனல் லோன் போட்டு லீஸுக்குப் போகலாமா?

போகாதீர்கள். லோன் போட்டு நிச்சயமாகப் போகாதீர்கள்.

முதலில் உங்கள் பக்கத்துக் கணக்கு. 20 லட்சத்தை வங்கியில் 6.5 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 1,30,000 வரும். வாடகை மிச்சம் வருடம் 2,64,000. ஆக லீஸில் வருடத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல், மூன்று வருடத்தில் நான்கு லட்சம் லாபம் மாதிரித் தெரியும். இது சொந்தப் பணத்துக்கு. 8 லட்சத்துக்கு 14 சதவீத லோன் என்றால் முதல் வருட வட்டியே ஒரு லட்சத்தைத் தொடும். அந்தப் பங்கில் லாபம் போயே போச்சு.

இப்போது ஓனர் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். 2,64,000 வாடகையை விட்டுக்கொடுத்து 20 லட்சம் வாங்குகிறார். அவருக்கு அது 13 சதவீதத்துக்கு மேல் வட்டி. வீட்டுப் பத்திரத்தை வைத்தால் வங்கியில் இதைவிட எவ்வளவோ குறைவான வட்டிக்குக் கடன் கிடைக்குமே, ஏன் உங்களிடம் வருகிறார்? ஒன்று, பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. அல்லது பத்திரத்தில் வங்கி தொடாத ஏதோ ஒன்று இருக்கிறது. கடன் பிரிவில் இருந்தவனுக்கு முதலில் இந்தக் கேள்விதான் வரும்.

கே.ஆர்.புரம், மளிகைக் கடை அண்ணாச்சி: நான் மறுக்கிறேன் சார். மூன்று வீடு லீஸில் இருந்துவிட்டேன், மூன்று ஓனரும் பைசா பாக்கி இல்லாமல் கொடுத்தார்கள். மிச்சமான வாடகையில்தான் கடைக்கு ஃபிரிட்ஜ், ஃப்ரீஸர் எல்லாம் வாங்கினேன். வங்கிக்காரர் வங்கிக்காரர் மாதிரிதான் பேசுவீர்கள்.

அண்ணாச்சி, சந்தோஷம். மூன்று ஓனரும் எந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் உங்களுக்கு அடுத்து வந்த லீஸ்காரர் பணம். அடுத்த ஆள் கிடைக்கிற வரை எல்லோரும் நாணயஸ்தர்கள். ஆள் கிடைக்காத வருடத்தில் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று ஆரம்பிக்கும்.

ராமமூர்த்தி நகர், வீட்டு ஓனர்: ஓனர் எல்லாம் திருடனா? என்னுடையது பி கத்தா, அதாவது மாநகராட்சிப் பதிவில் முழுதாக ஒழுங்காகாத சொத்து. வங்கி கடன் தரவில்லை. லீஸ் பணம் வாங்கித்தான் இரண்டாவது மாடி கட்டினேன். யாரையும் ஏமாற்றவில்லை.

திருடன் என்று நான் சொல்லவே இல்லை சார். நீங்கள் சொன்னதுதான் என் வாதம்: வங்கி தராததால் குடியிருப்பவரிடம் வாங்கினீர்கள். அந்தப் பணம் இப்போது சிமென்ட்டாக நிற்கிறது. நாளைக்கே திருப்பிக் கேட்டால் மாடியைப் பிரித்தா கொடுப்பீர்கள்?

ஹோரமாவு, இரண்டு குழந்தைகளின் தாய்: நாங்கள் 18 லட்சம் லீஸில் இருக்கிறோம். போன வாரம் வங்கியிலிருந்து வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஓனர் போன் சுவிட்ச் ஆஃப். எங்களிடம் இருப்பது நோட்டரி போட்ட 11 மாத அக்ரிமென்ட். என்ன செய்வது அண்ணா?

அண்ணாச்சியும் ஓனர் சாரும் கொஞ்சம் பொறுங்கள், இதுதான் அவசரம்.

அம்மா, நோட்டீஸைக் கிழிக்காமல் தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். அதில் 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டம் (கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்வது) என்று இருக்கும். வீட்டைக் கையகப்படுத்தும் நோட்டீஸாக இருந்தால், அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப்போட 45 நாள்தான் அவகாசம். குடியிருப்பவரும் போடலாம். நாளைக்கே அந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிற வக்கீலைப் பாருங்கள், குடும்பக் கோர்ட் வக்கீல் வேண்டாம். பணம் வங்கி வழியாகப் போனதற்கான ஸ்டேட்மென்ட், அக்ரிமென்ட், கரன்ட் பில், காஸ் பில் எல்லாம் ஒரு ஃபைலில் வையுங்கள். ஓனர் மேல் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெறும் ஆறுதல் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை: வீடு வங்கிக்கு அடமானம் போன பிறகு வங்கியின் சம்மதம் இல்லாமல் போட்ட லீஸ், பெரும்பாலும் வங்கியைக் கட்டுப்படுத்தாது. பணத்தை ஓனரிடம்தான் துரத்த வேண்டியிருக்கும்.

கே.ஆர்.புரம் அண்ணாச்சி, மறுபடி: சரி சார், அப்படியானால் லீஸே கூடாதா? பார்த்துப் போனால்?

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். அதோடு நிற்காதீர்கள். பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் சில சமயம் வில்லங்கத்தில் தெரியாது. செர்சாய் என்று மத்தியப் பதிவேடு இருக்கிறது, சிறு கட்டணம் கட்டினால் அடமானம் இருக்கிறதா என்று தேடலாம். அசல் கிரயப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் காட்டி, "அசல் லாக்கரில் இருக்கு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முத்திரைச் செலவுக்குப் பயந்துதான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். 20 லட்சம் கொடுக்கிறவர் இந்தச் செலவுக்கு அஞ்சுவது எனக்குப் புரியவே இல்லை. பணம் பத்திரத்தில் பெயருள்ள ஓனரின் கணக்குக்கு மட்டும் போகட்டும். இடையில் ஒரு நிறுவனம் ஓனரிடம் வாடகைக்கு எடுத்து உங்களுக்கு லீஸுக்குத் தருகிறது என்றால் கிட்டவே போகாதீர்கள். நிறுவனம் வாடகை கட்டுவதை நிறுத்திய மறுமாதம் ஓனர் உங்கள் கதவைத் தட்டுவார்.

இவ்வளவும் செய்யச் சம்மதிக்கிற ஓனர் கிடைத்தால், சொந்தப் பணம் மட்டும் போட்டு, போங்கள் அண்ணாச்சி. அப்படிப்பட்டவர் லீஸுக்கே விடமாட்டார் என்பது என் எண்ணம்.

ஹெப்பால்: சார், லீஸுக்குப் போகலாமா? 15 லட்சம் கேட்கிறார்கள்.

மேலே பாருங்கள்.

கெங்கேரி: லீஸ் பற்றி ஒரு சந்தேகம்…

மேலே பாருங்கள் தம்பி. அங்கே பதில் இல்லாவிட்டால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

சிவாஜிநகர், துணிக்கடை: தெரிந்தவர் ஒருவர் மாதம் 3 சதவீதம் தருகிறார். ஒரு வருடமாகச் சரியாக வருகிறது. இன்னும் ஐந்து லட்சம் போடலாமா?

உங்கள் ஏரியாவிலிருந்தே இந்தக் கேள்வியா! 2019 ஜூனில், அதிக லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் மூடியபோது அந்த வாசலில் நின்ற கூட்டம் மறந்துவிட்டதா? அங்கேயும் மாதாமாதம் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. வருடம் 36 சதவீதம் தர வேண்டுமானால் அவர் அதைவிட அதிகமாகச் சம்பாதிக்க வேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால் உங்களைக் கூப்பிட மாட்டார். காகிதம் என்ன கொடுத்தார்? ஒன்றுமில்லை, இல்லையா? போட்டதைத் திரும்பக் கேளுங்கள்.

ஜெயநகர், ஓய்வு பெற்ற ஆசிரியை: கூட்டுறவு வங்கியில் அரை சதவீதம் கூட வட்டி. 14 லட்சத்தையும் அங்கே போடட்டுமா தம்பி?

வேண்டாம் அம்மா. ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை கணக்கு இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சம். 2020 ஜனவரியில் பசவனகுடி ஸ்ரீ குரு ராகவேந்திரா சஹகார வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் உங்கள் வயது. மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் நாமினி எழுதியிருக்கிறதா என்று ரசீதைத் திருப்பிப் பாருங்கள். இப்போது நான்கு பேர் வரை எழுதலாம்.

விவேக்நகர்: நகைக்கடை 11 மாதத் திட்டம் நல்லதா?

நகை வாங்கியே ஆக வேண்டும், கல்யாணம் வருகிறது என்றால், பெரிய கடையில் சேரலாம். சேதாரத்தில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். சேமிப்பு என்று நினைத்துச் சேராதீர்கள். கடை மூடினால் அந்த 5 லட்சக் காப்பீடெல்லாம் இங்கே கிடையாது.

பெலந்தூர்: வரி மிச்சம் பிடிக்க எண்டோமென்ட் பாலிசி, அதாவது சேமிப்பும் சேர்ந்த காப்பீடு, எடுக்கச் சொல்கிறார் மாமா. அவர்தான் ஏஜென்ட். என் சம்பளம் வருடம் 11 லட்சம்.

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை, சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம். இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் காப்பீடு) ஒன்று எடுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. வேண்டுமானால் மாமாவிடமே எடுங்கள், உறவும் கெடாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

தாசரஹள்ளி: லீஸ் அக்ரிமென்ட் மாதிரிப் படிவம் கிடைக்குமா?

கிடைக்காது. வக்கீலிடம் போங்கள். மேலேயும் பாருங்கள்.

பீன்யா, கார்மென்ட்ஸ் தொழிலாளி: சம்பளம் 14,000 சார். இங்கே கேட்பவர்கள் எல்லாம் லட்சக் கணக்கில் பேசுகிறார்கள். எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்.

உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் அம்மா, லீஸ் சண்டையில் நேரம் போய்விட்டது. சம்பளம் வருகிற வங்கிக் கிளையில் இரண்டு படிவம் கேளுங்கள். ஒன்று பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு: வருடம் 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் வீட்டுக்கு 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும், சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் வரும். இன்னொன்று பிரதமரின் சுரக்ஷா காப்பீடு: வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம், 70 வயது வரை. நாமினி இடத்தில் பிள்ளை பெயர் எழுதினால், மைனர் என்றால் கார்டியன் பெயரும் எழுதுங்கள். வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள், யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைப் புது ஃபேக்டரியில் கொடுங்கள். அப்புறம், இந்த இரண்டு காப்பீட்டுக்கும் வருடா வருடம் தானாகவே கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள். மே கடைசி வாரம் கணக்கில் 456 ரூபாய் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள்.