பாரம்பரிய நடையில் சேர்ந்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: எனக்கு 57 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பூங்காவையே சுற்றிச் சுற்றி நடந்து அலுத்துவிட்டது. எங்கள் நகரின் பழைய பகுதியில் ஞாயிறுதோறும், பழைய கட்டடங்களைக் காட்டிக் கதை சொல்லியபடி அழைத்துச் செல்லும் இரண்டு மணி நேரப் பாரம்பரிய நடை நடத்துகிறார்கள். அதில் சேர்ந்தால் வாரத்துக்குத் தேவையான உடற்பயிற்சி ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. வழிகாட்டி ஒவ்வொரு பால்கனிக்கும் நின்று கதை சொல்வார். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் நடப்பது குறைவு, நிற்பதுதான் அதிகம். கால் வலிக்கும், ஆனால் மூச்சு வாங்காது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிறன்று தெருக்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வாரநாட்களில் அதே தெருக்களில் தனியாக, விறுவிறுவென்று நடந்து பாருங்கள். பழைய கட்டடங்களின் கீழ்த்தளம் பெரும்பாலும் கடையாகி அடையாளம் இழந்திருக்கும். முகப்பு உச்சியில் பொறித்த ஆண்டும், கூரையைத் தாங்கும் இரும்புக் கைகளும் மேல்தளத்தில் தப்பியிருக்கும். நின்றுவிட்டு அண்ணாந்து பாருங்கள். நடந்தபடி பார்த்தால் விழுவீர்கள். பாரம்பரியப் பகுதி என்று பலகை நட்டுவிட்டு, அதன் காலடியிலேயே நடைபாதையைத் தோண்டிப் போடும் நிர்வாகம் நம்முடையது. ‘தினமும் நடங்கள்’ என்று மருத்துவர்களாகிய நாங்கள் சீட்டில் எழுதித் தருகிறோம். எங்கே நடப்பது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. இத்தகைய நடைகளின் முடிவில் ‘இலவசப் பாதப் பரிசோதனை’ என்று ஒரு மேசை போட்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். இயந்திரத்தின் மேல் ஏற்றி நிறுத்தி, வண்ணப் படம் ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தி, காலணிக்குள் வைக்கும் விலையுயர்ந்த அட்டையை விற்பார்கள். அழைத்து வந்தவருக்குத் தரகு உண்டு. ‘நடக்க ஆரம்பித்துவிட்டீர்களே, மாத்திரை எதற்கு’ என்று பொடி விற்பவர் அதைவிட ஆபத்தானவர். தினம் பத்தாயிரம் காலடி என்ற மந்திரத்துக்கும் மயங்காதீர்கள். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது.

நீங்கள் எந்த மாத்திரை என்று எழுதவில்லை. எனக்கு முக்கியம் அதுதான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ என்றால் கதை வேறு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, வெயிலில் நடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். வியர்க்கும், கை நடுங்கும். வெயிலால்தான் வியர்க்கிறது என்று நினைத்து நீங்கள் நடந்துகொண்டே இருப்பீர்கள், ஆபத்து அங்கேதான். உடனே உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ 15 கிராம் குளுக்கோஸோ சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் பானம் எதற்கும் உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை சாப்பிடுங்கள். சரியானதும் எழுந்து நடையைத் தொடராமல், ஏதாவது சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். உடன் வருபவர் ஒருவரிடமாவது உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முன்பே சொல்லிவையுங்கள். நடை முடிந்து சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம்.

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால், காலணியைக் கழற்றச் சொல்லும் இடங்களுக்கு உள்ளே போகாதீர்கள். உச்சி வெயிலில் சுட்ட கல்லில் கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம். வரும் ஞாயிறுக்கு முன்பே சீட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.