டீச்சரின் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டாம்

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். 2013 இல் வாங்கிய டெஸ்க்டொப். மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அவர் சொல்வது இது: "தம்பி, காலையில் போட்டால் நான் தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. திகதி ஒவ்வொரு நாளும் 2012 ஜனவரி 1. வங்கிப் பக்கம் திறக்குதே இல்லை. கடையில் கேட்டால், 'கிராக்' போட்டு விண்டோஸ் 11 ஏற்றி நாளைக்கே தருகிறோம் என்கிறார்கள். கோயில் கணக்கும் கடிதங்களும் பாமினி எழுத்துருவில் அடித்தது நிறையக் கிடக்கிறது. கொடுக்கவா, புதிதாக ஒன்று வாங்கவா?"

இரண்டும் வேண்டாம், டீச்சர். முதலில் அந்தத் திகதியைப் பார்ப்போம். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வெள்ளி நிறப் பட்டரி ஒன்று இருக்கும். சிஆர்2032 என்று மேலே எழுதியிருக்கும். அது செத்துவிட்டால், பிளக்கைக் கழற்றியதும் கொம்பியூட்டர் நாளை மறந்துவிடும். வங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்த ஆண்டுக்குரியது. உங்கள் கொம்பியூட்டரோ 2012 இல் நிற்கிறது. 'இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே' என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் பட்டரிதான். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, திகதியைத் திருத்துங்கள். வங்கி திறந்தாலும் திறக்கும். ஆனால் அதை நம்பி இருக்கவும் முடியாது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன, குரோம் 2023 இல் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது.

பெட்டியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், ரேமையும் பாருங்கள். நம்முடைய ஊரில் இது முக்கியம். உப்புக் காற்று ஜன்னலால் வந்து, ரேமின் பொன்னிறப் பல்வரிசையில் மங்கலாகப் படியும், சிலவேளை பச்சையும் பிடிக்கும். பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்குங்கள். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, இரு பக்கக் கொக்கிகளையும் விரித்து ரேமை எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, 'டக்' என்று கொக்கி விழும்வரை திரும்ப அழுத்துங்கள். 'மதர்போர்ட் போய்விட்டது' என்று என்னிடம் வந்த பெட்டிகளில் எத்தனையோ இந்த அழிறப்பரோடு எழும்பியிருக்கின்றன.

இனி விண்டோஸ் 11. அது எட்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்துதான் என்பது பொதுவான கணக்கு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. சோதனையை ஏமாற்றி ஏற்ற வழி இருக்கிறது, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஏற்றிய கொம்பியூட்டருக்குத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசொஃப்ட் பொறுப்பெடுப்பதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில், 4 ஜிபி ரேமில் அது இப்போதையதைவிட மெதுவாகவே ஊரும். 'கிராக்' வேறு, அதாவது உரிமம் வாங்காமல் விண்டோஸைத் திறக்கும் களவு நிரல். யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே கொம்பியூட்டரில் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பதா?

அப்போ விண்டோஸ் 10? ஒரு காலத்தில் விண்டோஸ் 7 இன் உரிமச் சாவியை வைத்தே இலவசமாக 10க்குப் போக முடிந்தது. 2023 செப்டெம்பரில் அந்த வழியை மூடிவிட்டார்கள். 10 இன் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. ஏற்கெனவே 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு, 2026 ஒக்டோபர் 13 வரை, அறிவித்தார்கள். 7 இல் நிற்கும் உங்களுக்கு அதற்காகக் காசு செலவழிப்பது வீண்.

என் தீர்ப்பு: ஒரு புதிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), அதில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் இலவச இயங்குதளம்). நீங்கள் தேத்தண்ணி குடிக்கும் அந்த நேரம் முழுக்க ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஓடித்திரியும் நேரம்தான். 240 ஜிபி போதும். கடையில் '2.5 அங்குல சாட்டா' என்று கேளுங்கள். சூயிங்கம் பட்டை போல ஒன்றைக் காட்டி இதுதான் புதுசு என்பார்கள், உங்கள் போர்டில் அதற்கு இடமில்லை. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் பாவித்த 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றும் சேருங்கள்.

அப்புறம், பழைய டிஸ்க்கை ஃபோமட் அடிக்கவே வேண்டாம். வயரைக் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். புதியது மட்டும் பூட்டியிருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும். நான் ஒருமுறை இரண்டையும் பூட்டியபடி ஏற்றி, பட்டியலில் மேலே நின்ற டிஸ்க்கை அவசரத்தில் தெரிவு செய்தேன். சொந்தக்காரர் ஒருவரின் கலியாணப் படங்கள் அதில்தான் இருந்தன. இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி சீனி இல்லாமல்தான் வருகிறது. உங்களுக்கு மின்ட் பிடிக்கவில்லை என்றால் பழைய வயரை மாட்டினால் போதும், விண்டோஸ் 7 அப்படியே இருக்கும்.

மின்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை எடுங்கள், 4 ஜிபிக்கு அதுதான் இலேசானது. 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். கோப்பு 3 ஜிபி அளவு இருக்கும், டேட்டாவைப் பார்த்து இறக்குங்கள். 8 ஜிபி பென் டிரைவில் எழுத 'ரூஃபஸ்' என்ற மென்பொருள் வேண்டும். அதன் புதிய பதிப்பு விண்டோஸ் 7 இல் ஓடாது, பக்கத்து வீட்டு லப்டொப்பில் எழுதுங்கள். ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதுவும் மாறாது. சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, கனடாவில் இருக்கும் பிள்ளையோடு ஸூமில் கதைக்க முடிகிறதா என்று பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் ஃபோனை யூஎஸ்பி வயரால் பூட்டி அதன் இணைப்பைப் பகிருங்கள். பிரிண்டரையும் கட்டாயம் சோதியுங்கள். கெனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும்.

ஏற்றும் நாளில் இடி முழக்கம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். யூபிஎஸ் இல்லாத வீட்டில் பாதியில் கரண்ட் போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பாமினி விடயம்தான் பலரும் மறப்பது. அது எழுத்துருதான், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் 'திருகோணமலை' என்ற சொல் ஜே, பி, யூ, என், எஃப் என்று ஓடும், கடிதம் பழுதாகிவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். ஆகவே விண்டோஸ் 7 இன் எழுத்துருக் கோப்புறையில் இருந்து பாமினிக் கோப்பையும், கூடவே கடிதங்களையும் கணக்கையும் இப்போதே வேறொரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மின்டில் அந்த எழுத்துருவை இரண்டு தரம் கிளிக் செய்து நிறுவினால், மின்டோடு வரும் லிப்ரே ஒஃபிஸில் பழைய கடிதங்கள் பழையபடி திறக்கும். அடிப்பதும் அதே விரல் பழக்கம்தான். கணக்குப் பதிவேட்டில் எக்ஸெல் மெக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) ஏதும் இருந்தால் அது மட்டும் சரியாக ஓடாமல் போகலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளைக் கோயில் சபை பாவிக்கிறது என்றால் மின்ட் உங்களுக்குச் சரிவராது, பாவித்த எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றைத் தேடுங்கள்.

கழற்றிய டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பையோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே திகதியை எழுதி அலுமாரியில் வையுங்கள், ஜன்னல் பக்கம் வேண்டாம். உங்கள் பிரிண்டரின் மொடல் என்ன என்று கடிதத்தில் இல்லை. பென் டிரைவில் சோதித்தபோது அது அசையவில்லை என்றால், எஸ்எஸ்டி வாங்க முதல் எனக்கு அதை எழுதுங்கள்.