பிதுருதலாகலையை விட உயரமான ரோட்டில் சைக்கிள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் யாருக்கோ முழங்கால் வலி பற்றிப் பதில் எழுதும்போது, நானும் இரண்டு கோடை அல்ப்ஸ் மலையில் சைக்கிள் உழக்கியவன்தான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். மாடித் தோட்டம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, நானும் இரண்டு கூட்டாளிமாரும் வருகிற ஜூலையில் 16 நாள் லீவு எடுத்து அல்ப்ஸ் போக முடிவு செய்திருக்கிறோம். பிரான்சில் இசெரான், கலிபியே, இத்தாலியில் ஸ்டெல்வியோ, ஒஸ்திரியாவில் குரொஸ்குளொக்னர் என்று நாலு மலைரோடுகள். நாலையும் சேர்த்து வரைபடத்தில் கோடு போட்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்கொழும்பு போய்வருகிறவர்கள் நாங்கள், 80 கிலோமீட்டர் எங்களுக்குப் பெரிய காரியமில்லை. சரிவரும்தானே? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: சரிவராது தம்பி. நீர்கொழும்பு ரோட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒரு பாலம்தான் இருக்கிறது. அல்ப்ஸில் கிலோமீட்டரை எண்ணிப் பயனில்லை, மீட்டரைத்தான் எண்ண வேண்டும், அதாவது ஒரு நாளில் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள் என்பதை. நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல 2,524 மீட்டர். கலிபியே கணவாய் 2,642, ஸ்டெல்வியோ 2,757, இசெரான் அதற்கும் கொஞ்சம் மேலே. நம்முடைய மலை உச்சியை விட உயரத்தில் அங்கே தார் ரோடு போகிறது, அதில் நீங்கள் சட்டி பானை சகிதம் போகப்போகிறீர்கள். பிரான்சில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்து நீஸ் வரை கணவாய் கணவாயாகப் போகும் பெயர்பெற்ற பாதை ஒன்று உண்டு, சுமார் 720 கிலோமீட்டர். அதில் மொத்த ஏற்றம் 15,000 மீட்டருக்கு மேல். கடற்கரையில் தொடங்கி பிதுருதலாகல உச்சிக்கு ஆறு தரம் ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். உங்கள் கோடு அதை விட நீளம்.

என் யோசனை இது. கணவாய்களைச் சேர்த்துக்கொண்டு திரியாமல், பள்ளத்தாக்குகள் வழியாக மலையைக் குறுக்கே கடக்கும் ஒரே பாதையைப் பிடியுங்கள். எனக்குப் பிடித்தது வியா கிளாடியா அவுகுஸ்டா. ரோமர் போட்ட பழைய வழி, கிளாடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 46–47 அளவில், முழுமையானது. இப்போது சைக்கிள்காரருக்கென்று வழிநெடுகப் பலகை நட்டிருக்கிறார்கள். மியூனிக்கில் இறங்கி ரயிலில் ஃபூசன் போய் அங்கே தொடங்குங்கள். ஃபெர்ன் கணவாய் 1,200 மீட்டர் சொச்சம், பிறகு இம்ஸ்ட், லாண்டெக், அப்படியே இன் ஆற்றோடு மேலே போய் ஒரு சின்னத் துண்டு சுவிட்சர்லாந்துக்குள் நுழைவீர்கள். அந்த மார்ட்டினா என்ற ஊரிலிருந்து 11 கொண்டை ஊசி வளைவுகள். மலைரோடு என்றால் என்ன என்று கால் முதன்முதலாகப் படிக்கும் இடம் அதுதான், ஆனால் கொல்லாது. மேலே நவுடர்ஸ், அதைத் தாண்டி 1,500 மீட்டரில் ரெஷன் கணவாய், இத்தாலி.

கணவாயைத் தாண்டியதும் ஏரிக்கு நடுவே ஒரு கோயில் மணிக்கூண்டு மட்டும் தனியாக நிற்கும். 1950இல் அணைக்கட்டு கட்டி ஊரையே தண்ணீரில் மூழ்கடித்தார்கள், கூண்டு மட்டும் மிஞ்சியது. எல்லாரும் படம் எடுக்கிற இடம், நீங்களும் எடுப்பீர்கள். அங்கிருந்து மெரானோ வரை 80 கிலோமீட்டர் அளவு கிட்டத்தட்ட முழுக்க இறக்கம், இரு பக்கமும் அப்பிள் தோட்டம், பெரும்பாலும் கார் வராத சைக்கிள் பாதை. அப்புறம் போல்சானோ, திரெந்தோ, வெரோனா. மொத்தம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பத்து நாள் ஓட்டம், மூன்று நாள் ஓய்வு, மிச்சம் விமானத்துக்கும் மழைக்கும்.

ஸ்டெல்வியோவை விடச் சொல்கிறேன் என்று முகம் சுருக்க வேண்டாம். மேலே சொன்ன இறக்கத்தின் பாதி வழியில் பிராட் என்று ஒரு ஊர் வரும். ஸ்டெல்வியோவின் 48 வளைவு ஏற்றம் தொடங்குவது அங்கேதான்! இரண்டு இரவு அறை எடுத்து, மூட்டையை அறையில் வைத்துவிட்டு, விடிகாலை வெறும் வண்டியோடு ஏறுங்கள். 25 கிலோமீட்டருக்குள் 1,800 மீட்டர். மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகம்தான் வரும், ஆகவே மூன்று மூன்றரை மணித்தியாலம் ஒரே உழக்கு. பின்னேரம் இடிமழை பிடிக்கும் மலை, பத்துப் பதினொரு மணிக்குள் மேலே நிற்கப் பாருங்கள். முடியாவிட்டால் பாதியில் திரும்புங்கள், இறங்கும்போது யாரும் எத்தனையாவது வளைவில் திரும்பினாய் என்று கேட்கப்போவதில்லை.

ஜூலை நல்ல மாதம்தான். இந்த உயரக் கணவாய்களில் பனியை வாரி ரோட்டைத் திறக்கவே மே கடைசி, ஜூன் ஆகிவிடும், சில வருடம் இன்னும் பிந்தும். ஓகஸ்ட் 15 ஒட்டிய வாரம் இத்தாலி முழுக்க விடுமுறையில் மலைக்கு வரும், அறை கிடைக்காது. லீவை மாற்ற முடியுமென்றால் செப்டெம்பர் முதல் பாதியைப் பாருங்கள்: அப்பிள் பழுத்திருக்கும், மோட்டார் சைக்கிள் இரைச்சலும் குறைவு.

கேள்வி: விசாவுக்கு எந்த நாட்டிடம் போவது? ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவோம் என்று எங்களுக்கே தெரியாதே! (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் இந்தப் பாதையில் வரும் ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி நாலுக்கும் போதும். அதிக நாள் எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. இந்தப் பாதையில் இத்தாலிதான் வரும். மியூனிக்கில் இறங்குகிறோமே என்று ஜெர்மனிக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள், ஆனால் ஜூலைக்குப் போகிறவர் மார்ச்சிலேயே திகதி பிடித்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. அதில் சைக்கிள் ஓடி விழுந்தால் காசு வருமா, மலையிலிருந்து தூக்கி வர ஹெலிகொப்டர் செலவு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தங்குமிடத்துக்கு நாள்வாரியாக ஒரு அட்டவணை போடுங்கள், அதில் நாலைந்து ஊர்களை மையமாக வைத்து, இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறைகளைப் பதியுங்கள். பொய்ப் பதிவுக் கடிதம் அடித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், கிட்டப் போகவேண்டாம். சைக்கிளில் போகிறோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. நான் ஒரு பக்கத்தில் விளக்கமாக எழுதிக் கொடுத்தேன், வாங்கிப் பார்த்தவர் "ஏறும்போது இறங்கித் தள்ளுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். தள்ளுவேன் என்றேன்.

கேள்வி: வண்டியை இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? என்னிடம் இருப்பது பழைய மவுண்டன் பைக். (தெஹிவளை வாசகி)

பதில்: கொண்டுபோங்கள் தங்கச்சி. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள பழைய மவுண்டன் பைக், மலையேற்றத்துக்கு இரண்டு லட்சத்துக்கு வாங்கிய ரேசிங் சைக்கிளை விட உதவும். முன்னால் சின்னது 22 பல், பின்னால் பெரியது 34 பல் என்றால் மூட்டையோடு சுவரிலும் ஏறலாம். முள்ளு டயரைக் கழற்றி வழுவழுப்பான டயர் போடுங்கள், பிரேக் கட்டை புதிதாக மாற்றுங்கள், பின்னால் உறுதியான கரியர். வேறு செலவு வேண்டாம்.

சைக்கிள் கடையில் கேட்டால் வெறும் அட்டைப்பெட்டி தருவார்கள். ஹாண்டிலைத் திருப்பி, முன் சக்கரத்தையும் பெடல்களையும் கழற்றி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, இடைவெளியில் உடுப்பைத் திணித்தால் சரி. பெடலில் ஒரு சூட்சுமம் உண்டு: வலது பெடல் வழக்கம்போல் கழலும், இடது பெடல் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். முதல் பயணத்துக்கு முதல் நாள் இரவு, பக்கத்துத் தெருக் கடைக்காரர் இதை மறந்து இடது பெடலில் ஆள் ஏறி நிற்காத குறையாக முறுக்கினார், ஸ்பானர் வழுக்கி அவர் கை கிழிந்தது, பெடல் அப்படியே இருந்தது. கடைசியில் கிராங்கோடு சேர்த்துக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். ஆகவே ஒரு மாதம் முன்பே பெடலைக் கழற்றி, மரையில் கிறீஸ் பூசி மறுபடி மாட்டிவையுங்கள்.

இன்னொன்று, தொடங்குவது ஃபூசன், முடிப்பது வெரோனா. பெட்டியை யார் சுமப்பது? எறிந்துவிடுங்கள். வெரோனா சேர்வதற்கு மூன்று நாள் முன்பே அங்கே ஒரு சைக்கிள் கடைக்குப் பேசி வெறும் பெட்டி ஒன்று எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வாடகை வண்டியில் இதே சிக்கல் தலைகீழாக வரும், எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். வாடகைதான் என்றால் பிரேக்கைக் கவனியுங்கள்: அங்கே பெரும்பாலும் இடது கைதான் முன் பிரேக். வீதியிலும் எல்லாம் வலப்பக்கம். முதல் நாள் காலை தூக்கக் கலக்கத்தில் நான் இடப்பக்கமாகவே போய், எதிரே வந்த பால் லொறிக்காரர் ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொன்னார். விளங்கவில்லை, விளங்காமல் இருந்ததே நல்லது.

கேள்வி: கொழும்பில் மலைக்கு எங்கே போய்ப் பழகுவது? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: காலி முகத்திடலை நூறு தரம் சுற்றினாலும் மலை வராது. சைக்கிளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு கம்பளைக்குப் போங்கள். அங்கிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா, 1,400 மீட்டர் ஏற்றம். பின் பைகளில் பத்துக் கிலோ அரிசி வையுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. சனிக்கிழமை ஏறி, இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற முடிந்தால் நீங்கள் தயார். இரண்டாம் நாள் ஏறுவதுதான் பரீட்சை. ஸ்டெல்வியோ இதில் பாதித் தூரத்தில் இதை விட அதிக உயரம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கேள்வி: கோடைகாலம்தானே, குளிர் உடுப்பு எதற்கு? (மட்டக்குளி வாசகர்)

பதில்: ஏறும்போது தேவையில்லை, வியர்வையில் குளிப்பீர்கள். இறங்கும்போதுதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும், அடியில் 28 என்றால் ஸ்டெல்வியோ மேலே 16, அதுவும் வெயில் இருந்தால். நனைந்த பனியனோடு மணிக்கு 45 கிலோமீட்டரில் அரை மணித்தியாலம் இறங்கிப் பாருங்கள். நான் முதல் தடவை கையுறை இல்லாமல் இறங்கினேன். பதினைந்தாவது வளைவில் விரல்கள் பிரேக்கைப் பிடித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நிறுத்திக் கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றபோது, நரைத்த ஒரு ஆள் இறங்கி வந்து, பையிலிருந்து பழைய பத்திரிகையை எடுத்து என் பனியனுக்குள் நெஞ்சில் செருகிவிட்டுப் போனார். காற்றுப் புகவே இல்லை. அன்றிலிருந்து மலையுச்சிக் கடையில் கோப்பி குடித்தால் நேற்றைய பத்திரிகை இருக்கிறதா என்று கேட்பேன்.

காற்றுத் தடுக்கும் மேலங்கி, முழு விரல் கையுறை, மாற்றுப் பனியன் இந்த மூன்றும் கட்டாயம். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள், ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு விட்டுவிடுங்கள். சுரங்கப் பாதைகளுக்கு முன்னும் பின்னும் லைட் வேண்டும். அவசரத்துக்கு எந்த நாட்டிலும் 112.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இத்தாலிக்குள் போய்விட்டால் கவலையில்லை. மலைப்பகுதியில் க்னோடல் என்று பாண் உருண்டை தருவார்கள், ஸ்பெக் என்று சேர்த்துச் சொன்னால் பன்றி இறைச்சி, கேஸ் என்றால் சீஸ், ஸ்பினாட் என்றால் கீரை. சூப் என்றால் மட்டும் எதில் செய்தது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள், இறைச்சி வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். ஜெர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, சனிக்கிழமை பின்னேரமே பாணும் பழமும் வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், ஊருக்கு ஊர் குழாய் ஓடும். 'கைன் டிரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

கேள்வி: அங்கிள், அப்பாவுக்கு 61 வயது. அவரும் வருவாராம், மின்சார சைக்கிளில். முடியுமா? (கல்கிசை வாசகர்)

பதில்: தாராளமாக. அந்தப் பாதையில் அவர் வயதுக்காரர்தான் அதிகம், பாதிப் பேர் மின்சார வண்டியில்தான் போகிறார்கள். இங்கிருந்து கொண்டுபோக முடியாது, அவ்வளவு பெரிய பற்றரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். மோட்டார் 25 கிலோமீட்டர் வேகம் வரைதான் உதவும், அதுவும் நாம் உழக்கினால்தான். ஆனால் வண்டி 25 கிலோ பாரம் இருக்கும். ஸ்டேஷனில் லிஃப்ட் இல்லாவிட்டால் படியில் தூக்கி ஏற்ற ஒரு ஆள் வேண்டும், அது அப்பா இல்லை என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.