ஸ்ட்ராட்டிஃபைடா, கிளஸ்டரா: எந்த சாம்பிளிங் முறை நல்லது?

400 பள்ளிகள், 80,000 மாணவர்கள், அதில் 600 பேரை ஆய்வுக்கு மாதிரியாக (சாம்பிள்) எடுக்க வேண்டும், எந்த முறை சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கையில் என்ன பட்டியல் இருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்யும். 80,000 பேரின் பெயரும் வகுப்பும் இருந்தால் யோசிக்காமல் அடுக்கு முறைக்குப் (ஸ்ட்ராட்டிஃபைட்) போங்கள். பள்ளிகளின் பட்டியல் மட்டும்தான் என்றால் கொத்து முறை (கிளஸ்டர்).

இரண்டிலும் ஆட்களைக் குழுவாகப் பிரிப்பதால் பலரும் இவற்றை ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் நேரெதிர். அடுக்கு முறையில் எல்லாக் குழுவிலிருந்தும் சிலரை எடுக்கிறோம். குழுவுக்குள் ஆட்கள் ஒரே மாதிரி இருந்தால் துல்லியத்தில் லாபம். கொத்து முறையில் சில குழுக்களை மட்டும் எடுக்கிறோம். அங்கே ஒரே மாதிரி இருந்தால் நஷ்டம்.

நஷ்டம் எவ்வளவு? 30 பள்ளி, பள்ளிக்கு 20 பேர் என்று வையுங்கள். ஒரே பள்ளி மாணவர்களுக்குள் இருக்கும் ஒப்புமை (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.05 என்றால், 1 + (20 − 1) × 0.05 = 1.95. 600-ஐ இதனால் வகுங்கள். அதாவது உங்கள் 600 பேர், தனித்தனியாக ராண்டமாக எடுத்த 308 பேருக்குத்தான் சமம். 4% என்று நினைத்த பிழை வரம்பு (விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) 5.6% ஆகிவிடும். அதே 600 பேரை 60 பள்ளியில் பத்துப் பத்தாக எடுத்தால் வகுக்கும் எண் 1.45, 414 பேருக்குச் சமம். பள்ளிகளைக் கூட்டுங்கள், பள்ளிக்குள் ஆட்களைக் குறையுங்கள். (0.05 உதாரணத்துக்குச் சொன்னது. மதிப்பெண் போன்றவற்றில் இதைவிட அதிகமாகவே வரும்.)

இன்னொரு இடத்திலும் தவறு நடக்கும். எல்லாப் பள்ளிக்கும் சம வாய்ப்பு கொடுத்து, தேர்வான பள்ளியில் 20 பேர் எடுத்தால், 100 பேர் படிக்கும் பள்ளி மாணவனுக்கு 1,000 பேர் படிக்கும் பள்ளி மாணவனைப் போலப் பத்து மடங்கு வாய்ப்பு. இதைச் சரிசெய்ய, மாணவர் எண்ணிக்கையைப் பள்ளிவாரியாகக் கூட்டிக்கொண்டே எழுதுங்கள். 80,000-ஐ 30-ஆல் வகுத்தால் சுமார் 2,667. ஒன்று முதல் 2,667-க்குள் ஒரு ராண்டம் எண். அதிலிருந்து 2,667 கூட்டிக்கொண்டே போனால் அந்தந்த எண் எந்தப் பள்ளியின் வரிசையில் விழுகிறதோ அதுவே தேர்வு. பிறகு பள்ளிக்கு 20 பேர் எடுத்தால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வாய்ப்பு.

பட்டியலில் இத்தனை பேருக்கு ஒருவர் என்று சீரான இடைவெளியில் எடுப்பது (சிஸ்டமேட்டிக்) சுலபம்தான், ஆனால் பட்டியலின் வரிசையைப் பாருங்கள். வகுப்புக்கு 40 பேர், உள்ளே ரேங்க் வரிசை, நீங்களும் 40-க்கு ஒருவர், தொடக்க எண் 3 என்றால், எல்லா வகுப்பிலும் மூன்றாம் ரேங்க் மட்டுமே வரும்.

அடுக்கு முறையில் மறக்கக்கூடாதது எடையிடல், அதாவது ஒவ்வொரு குழுவின் விடையையும் மொத்தத்தில் அதன் பங்குக்கேற்பச் சேர்ப்பது. பகல்நேர மாணவர் 90%, விடுதி மாணவர் 10%. இரண்டிலும் 200 பேர் எடுத்தீர்கள். திருப்தி 80%, 40%. அப்படியே கலந்தால் 60% வரும். சரியான விடை 0.9 × 80 + 0.1 × 40 = 76%.

‘நடைமுறையில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள்’ என்று சிலர் வருவார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பட்டியல் கோணலாக இருந்தால் எண்ணிக்கை காப்பாற்றாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இணையப் படிவத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, ஆய்வேட்டில் ‘ராண்டம் சாம்பிளிங், 385 பேர்’ என்று எழுதுகிறார்கள். 385 என்பது எளிய ராண்டம் முறையில், 95% நம்பிக்கையில், 5% பிழைக்கு வரும் எண். மேலே சொன்ன உதாரணம் போலப் பள்ளிக்கு 20 பேர் என்று கொத்தில் எடுத்தவர்கள் அதை 1.95-ஆல் பெருக்கி, சுமார் 750 பேரைத் தேட வேண்டும். கிடைத்தவர்களை எடுத்தவர்களுக்கு அந்தச் சூத்திரமே பொருந்தாது. ‘வசதி மாதிரி’ என்று நேராக எழுதிவிட்டால் தேர்வாளரும் அதற்கேற்பத்தான் மதிப்பிடுவார்.